தாமார்: ஒரு பெயரும் 2000 ஆண்டு உறங்கிய விதையும்

பேரீச்சம்பழத்துக்கு மலாய்மொழியில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, நோன்பு மாதத்தில் கடைக்குக் கடை நாம் பார்க்கும் 'கூர்மா'. (நம் வீட்டுக் கோழிக் குருமாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை!) இது பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். இன்னொன்று 'தாமார்'. இது அரபுமொழியின் 'தம்ர்' என்ற சொல்லிலிருந்து வந்தது.

இந்த இரண்டாவது சொல்லுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. யூதர்களின் எபிரேய மொழியிலும் பேரீச்சைக்கு 'தாமார்' என்றுதான் பெயர். அரபும் எபிரேயமும் செமிட்டிக் என்ற ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழும் மலையாளமும் பல சொற்களைப் பகிர்ந்துகொள்வதுபோல இவையும் பகிர்ந்துகொள்கின்றன. எதியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியிலும் இதே வேர்ச்சொல்லைக் காணலாம்.

எபிரேயத்தில் இந்தச் சொல் மரத்தோடும் பழத்தோடும் நிற்கவில்லை, ஒரு பெண்ணின் பெயராகவும் ஆனது. ஏறக்குறைய 2500 ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கிவரும் அந்தப் பெயர், இன்றும் இஸ்ரேலில் பிறக்கும் யூதப் பெண் குழந்தைகளுக்குச் சூட்டப்படும் பெயர்களில் முன்வரிசையில் இருக்கிறது.

ஒரு பெயரின் கதைக்கு அறிவியல் பகுதியில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அந்தப் பெயருக்கு உரிய மரம் ஒரு காலத்தில் அந்த மண்ணிலிருந்து மறைந்துபோனது. பிறகு, 2000 ஆண்டு பழைமையான ஒரு விதையிலிருந்து மீண்டும் முளைத்தது. அது எப்படி முடிந்தது என்பதைப் புரிந்துகொள்ள தாவரவியல், வேதியியல், மரபியல் மூன்றும் வேண்டும்.

பெயர் தாங்கிய பெண்கள்

யூதர்களின் வேதநூலில் தாமார் என்ற பெயரில் மூன்று பெண்கள் வருகிறார்கள். முதலாமவள் யூதாவின் மருமகள். கணவனை இழந்த அவள், தனக்கு மறுக்கப்பட்ட உரிமைக்காகத் துணிந்து நின்றாள். முடிவில் மாமனாரே அவள் பக்கம்தான் நியாயம் என்று ஒப்புக்கொண்டார். தாவீது அரசரின் வம்சம் இவள் வழியாக வந்ததாக அந்நூல் கூறுகிறது. இரண்டாமவள் அதே தாவீதின் மகள். பெரும் அநீதிக்கு ஆளானவள். அவளுடைய அண்ணன் அப்சலோம் தன் மகளுக்கும் தாமார் என்றே பெயரிட்டிருந்தான். அவள் மூன்றாமவள்.

பின்னாளில் இந்தப் பெயர் யூதர்களைத் தாண்டியும் பரவியது. காக்கேசிய மலை நாடான ஜார்ஜியாவை 1184 முதல் 1213 வரை ஆண்ட அரசியின் பெயரும் தாமார்தான். ரஷ்யர்கள் இதைத் 'தமாரா' என்று ஆக்கிக்கொண்டார்கள்.

இயற்கையிலிருந்து எடுத்த பெண் பெயர்கள் எபிரேயத்தில் இன்னும் பல உண்டு. தெபோராள் என்றால் தேனீ. ராகேல் என்றால் பெண் ஆடு. சிப்போராள் என்றால் பறவை. யாகேல் என்றால் மலையாடு. எஸ்தரின் இன்னொரு பெயரான அத்சாள், மணமுள்ள ஒரு செடியைக் குறிக்கும். நம் வகுப்பறைகளிலும் மல்லிகா, அல்லி, முல்லை, குயிலி என்ற பெயர்கள் இருக்கின்றன அல்லவா? தம்மைச் சுற்றி உள்ளவற்றில் தாம் மதிப்பதைப் பிள்ளைக்குப் பெயராக வைப்பது மனிதர்களின் பொதுப் பழக்கம்.

ஏன் இந்த மரம்?

பாலைவனத்தின் ஓரத்தில் வாழும் மக்களுக்குப் பேரீச்சை மரம் எப்படித் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தூரத்தில் பேரீச்சை தெரிந்தால் அங்கே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். மரத்தின் தலை சுடும் வெயிலில் இருக்கும். வேர் நிலத்தடி நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மற்ற பழமரங்கள் பட்டுப்போகும் உப்பு மண்ணையும் அது தாங்கும். 20 மீட்டருக்கும் மேல் நேராக உயரும்.

அதன் பழத்தில் பெரும்பகுதி சர்க்கரை. நன்கு உலர்ந்த பழத்தில் நுண்ணுயிர்கள் வளரப் போதுமான நீர் இருக்காது. ஆகவே அது மாதக்கணக்கில் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், நெடும்பயணத்துக்கு இதைவிட நல்ல கட்டுச்சோறு கிடைத்திருக்காது. ஓலையில் பாய், கூடை, கயிறு செய்தார்கள். தண்டு கட்டுமானத்துக்கு உதவியது. நம் முன்னோர் தென்னையையும் பனையையும் எப்படி மதித்தார்களோ, அப்படித்தான் அவர்கள் பேரீச்சையை மதித்தார்கள். நிமிர்ந்த நடைக்கும் அழகுக்கும் வளத்துக்கும் அது உவமையானது. வேதநூலின் காதல் பாடல் ஒன்றில் பெண்ணின் உயர்ந்த தோற்றம் பேரீச்சை மரத்தோடு ஒப்பிடப்படுகிறது.

பழம் தரும் மரம் பெண் மரம் மட்டுமே என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. பேரீச்சை ஓர் ஈரில்லத் தாவரம். அதாவது ஆண் பூக்கள் ஒரு மரத்திலும் பெண் பூக்கள் வேறொரு மரத்திலும் பூக்கும். ஆண்பனை, பெண்பனை என்று தமிழர்கள் சொல்வது இதைத்தான். ஓர் ஆண் மரத்தின் மகரந்தம் ஏறத்தாழ 50 பெண் மரங்களுக்குப் போதும். காற்றை நம்பி இருந்தால் விளைச்சல் குறையும் என்பதால், மகரந்தத்தை மனிதர்களே மரமேறித் தூவும் முறை பழங்கால மெசபட்டோமியாவிலேயே இருந்தது.

சொற்களின் உறவு எப்படித் தெரியும்?

தமிழில் 'பேரீச்சை' என்ற சொல்லைப் பிரித்தால் 'பெரிய ஈச்சை' என்று வரும். ஈச்சை நம் முன்னோர் நன்கறிந்த மரம். வெளிநாட்டிலிருந்து வந்த பழத்தைப் பார்த்ததும், இது நம் ஈச்சையின் பெரிய வகை என்று சரியாகக் கண்டுகொண்டார்கள். இன்றைய தாவரவியலும் இரண்டையும் 'ஃபீனிக்ஸ்' என்ற ஒரே பேரினத்தில்தான் வைக்கிறது. ஒரு சொல்லுக்குள்ளேயே ஒரு வகைப்பாடு ஒளிந்திருக்கிறது!

அரபு வணிகர்களோ வேறுவிதமாக ஏமாந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த புளியின் பழுப்புநிறச் சதையைப் பார்த்து, அதை 'தம்ர் ஹிந்தி' என்று அழைத்தார்கள். 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள். ஆங்கிலத்தில் புளியைக் குறிக்கும் 'டாமரிண்ட்' என்ற சொல் இதிலிருந்து பிறந்ததுதான். 1753இல் லின்னேயஸ் புளிய மரத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது 'டாமரிண்டஸ் இண்டிகா' என்றார். உண்மையில் புளி பேரீச்சையின் உறவும் இல்லை. அதன் பிறப்பிடம் இந்தியாவும் இல்லை, வெப்பமண்டல ஆப்பிரிக்கா. அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாயில் அதே புளி 'அசாம் ஜாவா' ஆகிவிட்டது. யார் கையிலிருந்து வாங்கினார்களோ அவர்கள் ஊர்ப் பெயரைப் பழத்தின்மேல் ஒட்டிவிட்டார்கள்.

இப்போது ஒரு கேள்வி. 'தாமார்', 'தாமரை' இரண்டும் ஒலியில் நெருங்கியிருக்கின்றனவே, அவையும் உறவா? ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்று ஆகாது. பொருளும் ஒத்திருக்க வேண்டும். சொல் பயணம் செய்த வழியும் தெரிய வேண்டும். 'தம்ர்' அரபிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற வழியை எழுத்துச் சான்றுகளால் காட்ட முடிகிறது. தாமரைக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் நாம் கடைப்பிடிக்கும் ஒழுங்கு சொல்லாராய்ச்சிக்கும் பொருந்தும்: பார்த்ததும் தோன்றுவது கருதுகோள்தான்; சான்று கிடைத்த பிறகே முடிவு.

மறைந்துபோன மரம்

2000 ஆண்டுகளுக்கு முன் யூதேயா நாட்டின் பேரீச்சம்பழம் உலகப் புகழ் பெற்றிருந்தது. ரோமானிய எழுத்தாளர் பிளினி அதன் சுவையைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த நாட்டின் அடையாளமே இந்த மரம்தான். கி.பி. 70இல் ரோமானியர் எருசலேமை அழித்தபின், பேரரசர் வெஸ்பேசியன் வெற்றி நாணயம் வெளியிட்டார். அதில் ஒரு பேரீச்சை மரத்தடியில் ஒரு பெண் துயரத்தோடு அமர்ந்திருக்கிறாள். தோற்ற நாட்டைக் காட்ட, ஒரு பெண்ணும் ஒரு மரமும் போதுமானதாக இருந்தன.

போர்கள், ஆட்சி மாற்றங்கள், நீர்ப்பாசனச் சீர்குலைவு எனப் பல காரணங்களால் அடுத்த நூற்றாண்டுகளில் அந்தத் தோட்டங்கள் தேய்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் பழைய யூதேயப் பேரீச்சை வகை இல்லாமலே போனது. பெண்களின் பெயரில் தாமார் வாழ்ந்தாள். மண்ணில் அந்த மரம் இல்லை. இன்று அங்கு விளையும் வகைகள் 20ஆம் நூற்றாண்டில் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

விதை விழித்தது

சாக்கடலுக்கு அருகே பாலைவனப் பாறை உச்சியில் மசாடா என்ற பழங்காலக் கோட்டை இருக்கிறது. 1963 முதல் 1965 வரை யிகயேல் யாதின் தலைமையில் அங்கு அகழாய்வு நடந்தது. கிடைத்த பொருள்களில் பழங்காலப் பேரீச்சை விதைகளும் இருந்தன. அவை ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டன.

மருத்துவ மூலிகைகளை ஆராயும் சாரா சாலன் என்ற மருத்துவருக்கு ஒரு யோசனை வந்தது: இந்த விதைகளை நட்டுப் பார்த்தால் என்ன? சில விதைகளைக் கேட்டு வாங்கி, பாலைவனப் பயிர்களில் வல்லவரான எலேய்ன் சோலோவேயிடம் கொடுத்தார். சோலோவே விதைகளை முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் கடினமான மேலோட்டை இளக்கினார். பிறகு ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் வைத்தார். இது விதைக்கு 'எழுந்திரு' என்று சொல்லும் தாவர ஹார்மோன். பின்னர் ஊட்டச்சத்துக் கரைசலில் ஊறவைத்து, 2005 ஜனவரியில் மூன்று விதைகளை நட்டார். சில வாரங்களில் ஒன்று முளைத்தது!

அதற்கு மெத்தூசலா என்று பெயரிட்டார்கள். வேதநூலின்படி 969 ஆண்டு வாழ்ந்தவர் அவர்.

வயதை எப்படிக் கண்டார்கள்?

காற்றிலுள்ள கரியமில வாயுவில் மிகச் சிறிதளவு கார்பன்-14 இருக்கும். தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின்போது அதையும் சேர்த்து உள்ளிழுக்கும். விதை முற்றி மரத்தை விட்டுப் பிரிந்தபின் புதிய கார்பன் உள்ளே வராது. ஏற்கெனவே உள்ள கார்பன்-14 மட்டும் மெல்லச் சிதைந்துகொண்டே போகும். 5730 ஆண்டுகளில் அது பாதியாகும். கணிப்பானை எடுத்துப் பாருங்கள்: 2000 ஆண்டு கழிந்த விதையில் தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ 78 விழுக்காடு எஞ்சியிருக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். இந்தச் சோதனைக்கு மாதிரியை எரிக்க வேண்டும். எரித்த விதையை நட முடியாது. நட்ட விதையை எரிக்க முடியாது! அதனால் முதலில் அதே இடத்தில் கிடைத்த வேறு விதைகளைச் சோதித்தார்கள். அவை சுமார் 2000 ஆண்டு பழையவை. ஆனால் முளைத்த விதையும் அதே வயதுதானா? பிற்காலத்து விதை ஒன்று கலந்திருக்கலாமே?

செடியை வேறு தொட்டிக்கு மாற்றியபோது, விதையின் ஓட்டுத் துணுக்குகள் வேரில் ஒட்டியிருந்ததைக் கண்டார்கள். அவற்றைச் சோதித்தபோது வயது மற்ற விதைகளைவிட 200, 300 ஆண்டு குறைவாக வந்தது. புதுச் செடி வளரும்போது இக்காலக் கார்பன் சிறிது அந்த ஓட்டில் கலந்திருந்ததே காரணம். அதைக் கணக்கிட்டுத் திருத்தியதும் வயது பொருந்தியது. இந்த முடிவு 2008இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியானது. அதுவரை, முளைத்த மிகப் பழைய விதை என்ற பெருமை சீனாவில் கிடைத்த, சுமார் 1300 ஆண்டு பழைமையான ஒரு விதைக்கு இருந்தது. அது எந்தச் செடியின் விதை தெரியுமா? தாமரை!

துரியான் கொட்டையால் ஏன் முடியாது?

துரியான் கொட்டையை ஒரு மாதம் மேசைமேல் காயவிட்டு நட்டுப் பாருங்கள். முளைக்காது. ரம்புத்தான், மங்குஸ்தீன் விதைகளும் அப்படித்தான். நம் மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளில் நீர்ச்சத்து அதிகம். உலர்ந்தால் உயிரணுக்கள் சிதைந்து இறந்துவிடும். எந்நேரமும் ஈரமாக இருக்கும் காட்டில் காத்திருக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. விழுந்ததும் முளைக்க வேண்டியதுதான்.

பேரீச்சை விதை வேறு வகை. உலர்ந்தால் அதன் உயிர்ச்செயல்கள் ஏறக்குறைய நின்றுவிடும், ஆனால் உயிர் போகாது. சாக்கடல் பகுதி கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கும் கீழே உள்ளது. மழை மிகக் குறைவு. காற்றில் ஈரம் இல்லை. ஈரம் இல்லாததால் பூஞ்சையோ பாக்டீரியாவோ விதையைத் தின்னவில்லை. இயற்கையே ஒரு விதைக் களஞ்சியத்தை அங்கே கட்டிவைத்திருந்தது.

அன்னாளின் பழங்கள்

மெத்தூசலா வளர்ந்து 2011இல் பூத்தது. பூவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது ஆண் மரம். தனியாக அதனால் ஒரு பழமும் தர முடியாது. தாமார் என்ற பெயருக்கு உரியது பழம் தரும் மரம் அல்லவா? ஒரு பெண் மரம் தேவைப்பட்டது.

ஆய்வாளர்கள் மசாடா, கும்ரான், வாதி மக்கூக் ஆகிய இடங்களில் கிடைத்த விதைகளிலிருந்து 32 விதைகளைத் தேர்ந்து நட்டார்கள். ஆறு முளைத்தன. 2020இல் இந்த ஆய்வு வெளியானது. மரபணுச் சோதனையில் இரண்டு பெண் மரங்கள் என்று தெரிந்தது. அவற்றின் பெயர் யூதித், அன்னாள். அதே 2020இல் மெத்தூசலாவின் மகரந்தத்தை அன்னாளின் பூக்களில் தூவினார்கள். சில மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பழங்கள் கிடைத்தன. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் உருவான தாய், தந்தை விதைகளுக்குப் பிறந்த பழங்கள் அவை.

இதனால் நமக்கு என்ன?

வியப்புக்காக மட்டுமா இத்தனை உழைப்பு? இல்லை. தோட்டங்களில் பேரீச்சையைப் பெரும்பாலும் விதையிலிருந்து வளர்ப்பதில்லை. தாய்மரத்தின் அடியில் வரும் கன்றைப் பிரித்து நடுகிறார்கள். அப்போதுதான் அது பெண் மரம் என்பதும் பழத்தின் தரமும் உறுதி. ஆனால் இப்படி வளரும் மரங்கள் எல்லாம் ஒரே மரபணுவின் நகல்கள். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும்.

இது வெறும் அச்சம் அல்ல. மொரோக்கோவில் 'பயூத்' என்ற பூஞ்சை நோய் கோடிக்கு நெருங்கிய எண்ணிக்கையில் பேரீச்சை மரங்களை அழித்தது. இன்று நாம் விரும்பி உண்ணும் 'மெட்ஜூல்' வகையும் அங்கே ஆபத்தில் இருந்தது. 1927இல் 11 கன்றுகள் மட்டும் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அமெரிக்காவின் மெட்ஜூல் தோட்டங்கள் அந்தச் சில கன்றுகளின் வழி வந்தவைதான்.

பழைய விதைகளில் இன்றைய மரங்கள் இழந்துவிட்ட மரபணுக்கள் இருக்கலாம். நோயைத் தாங்கும் திறனும் வெப்பத்தைத் தாங்கும் திறனும் அவற்றில் ஒளிந்திருக்கலாம். 2021இல் இந்தப் பழைய விதைகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோது, கிரேக்கத் தீவுகளில் வளரும் காட்டு ஈச்சை இனம் ஒன்றின் மரபணுக்களும் அவற்றில் கலந்திருப்பது தெரிந்தது. பழங்கால வணிகமும் பயணமும் விதைக்குள் பதிவாகியிருந்தன.

ஓர் இனம் அழிந்தால் திரும்ப வருவது மிக அரிது. யூதேயப் பேரீச்சைக்கு வறண்ட பாறையும் உலர்ந்து காத்திருக்கக்கூடிய விதையும் துணைநின்றன. நம் காட்டு மரங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. துரியானின் காட்டு உறவினங்களை உறைபனிக் களஞ்சியத்தில் விதையாகச் சேமித்து வைக்க இயலாது. அவற்றைக் காட்டிலேயே காப்பதுதான் வழி.

நீங்களும் செய்து பாருங்கள்

அடுத்த முறை பேரீச்சம்பழம் சாப்பிட்டால் கொட்டையைக் கழுவி, இரண்டு நாள் நீரில் ஊறவையுங்கள். நீரைத் தினமும் மாற்றுங்கள். பிறகு ஈரமான மெல்லிழைத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பொதுவாக மூன்று முதல் எட்டு வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். பத்துக் கொட்டைகளில் எத்தனை முளைத்தன, எத்தனை நாளாயிற்று என்று குறித்து வையுங்கள். பக்கத்திலேயே ஒரு ரம்புத்தான் கொட்டையைக் காயவைத்தும் இன்னொன்றைக் காயாமலும் நட்டு ஒப்பிடுங்கள்.

முளைத்தது ஆணா பெண்ணா என்று இப்போது தெரியாது. பூக்கும் வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 2000 ஆண்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் அதிகமில்லை.